இல்லாத மூன்று நாள்

வலி முதன்முதலில் வந்தது டென்னிஸ் கோர்ட்டில் அல்ல. பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில், ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகட்டும் என்று ஸ்கூட்டரை நிறுத்தி இடது காலை ஊன்றியபோது வந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உட்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். அங்கே அழுத்தினால் உயிர் போனது. ஒரு விரல் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை.

உடனே ஷூவைச் சந்தேகப்பட்டேன். புது ஷூ. அடுத்து கோர்ட்டை. நிலம் விற்ற ஒருவர் ஆசைக்காகக் கிடங்குக்குப் பின்னால் போட்ட இரண்டு சிமென்ட் கோர்ட்டுகளில்தான் என் பயிற்சி. பக்கத்திலேயே கண்டெய்னர் லாரிகள் போய்ப் போய் ஒரு மூலை இறங்கியிருந்தது. அதற்கும் அடுத்து என் பயிற்சியாளர் சுகுமார் சாரை. வேண்டுமென்றே என்னை அந்த மூலைக்கு ஓட விடுகிறாரோ என்று இரண்டு நாள் கவனித்தேன்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. டென்னிஸ் அதை ஊட்டி வளர்த்தது. சின்னப் போட்டிகளில் பந்து கோட்டுக்குள் விழுந்ததா என்று பார்த்துச் சொல்லத் தனி ஆள் கிடையாது. எதிரே நிற்பவள் ‘அவுட்’ என்றால் அவுட். எட்டு வயதிலிருந்து அப்படி ஆடி வளர்ந்தவளுக்கு வேறு புத்தி எப்படி வரும்? மூடி திறந்த தண்ணீர் பாட்டில் கண்ணைவிட்டு அகன்றால் பிறகு அதைத் தொட மாட்டேன். ஜுர மாத்திரையைக்கூட, தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் தேடிப் பார்க்காமல் விழுங்கியதில்லை.

இவ்வளவையும் சந்தேகப்பட்டவள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அப்போது எனக்குப் பத்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. அதை நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் ஆட்டக்காரிகளில் சிலருக்கு இந்த வரி புதிதாக இருக்காது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் நான் தொழில்முறை ஆட்டக்காரி ஆனேன். சொல்வதற்குப் பெரிய வார்த்தை. உலகத் தரவரிசையில் என் எண் நான்கு இலக்கம். ஒரு போட்டியில் எடுத்த புள்ளி ஐம்பத்திரண்டு வாரம் கணக்கில் இருக்கும்; அதற்குள் வேறு புள்ளி சேர்க்காவிட்டால் மறுவருடம் ஒரு திங்கட்கிழமை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். மற்றவர்களுக்கு ஞாயிறு எப்படியோ, எனக்குத் திங்கள் அப்படி. காலையில் பல் துலக்கும் முன் பட்டியலைப் பார்ப்பேன்.

இருபதாவது வயதில் எடை குறைத்தேன். கால் லேசானால் பந்துக்கு அரை அடி முன்னால் போகலாம் என்பது கணக்கு. போனேன். ஜெயித்தேன். சுகுமார் சார் அம்பத்தூர்க்காரர், பாராட்டுவதில் கஞ்சன். அவரே, “இப்பத்தாம்மா ப்ளேயர் மாதிரி கீற” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு மாதம் ராத்திரிச் சோற்றை விட்டேன். மாதவிலக்கு நின்றது. போட்டி நடுவே தொல்லை இல்லை, வெள்ளைப் பாவாடை பற்றிய பயம் இல்லை. உடம்பே என் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்தெரு. அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகர். அம்மா தினமும் பெருமாளுக்கு மாலை தொடுத்து அனுப்புவாள். அவள் மாமியார் காலத்திலிருந்து வரும் கைங்கரியம். அதனால் எங்கள் வீட்டில் ‘தூரம்’ என்ற வார்த்தைக்கு இன்னும் பலம் உண்டு. மாதவிலக்கான மூன்று நாளும் பின்பக்க அறை, தனிப் பாய், தனித் தட்டு. யாரையும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் தொடப்பட்டவர் குளிக்க வேண்டும். இதில் எனக்கு ஆயிரம் கேள்வி உண்டு, அம்மாவோடு ஆயிரம் சண்டையும் போட்டாயிற்று. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

அம்மா சமையலறைக் காலண்டரில் என் தேதிகளைப் பென்சிலால் சுழித்து வைப்பாள். இரண்டு மாதம் வரவில்லை என்றால் கேட்பாள். கேட்டால், சரியாகச் சாப்பிடுகிறாயா என்பதில் போய் நிற்பாள். முதல் இரண்டு மாதம் வெளியூர்ப் போட்டி, “அங்கேயே ஆயிடுத்து” என்று சமாளித்தேன். மூன்றாவது மாதம் வீட்டில் இருந்தேன். காலையில் எழுந்து, “அம்மா, நான் தூரம்” என்று சொல்லிவிட்டுப் பின்னறையில் போய் உட்கார்ந்தேன்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. அடுத்த மாதமும் செய்தேன். இருபத்தெட்டு நாளை நானே எண்ணி வைத்துக்கொண்டேன். உபயோகிக்காத நாப்கினைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை முனகினேன். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வருவேன். நடுவில் கொல்லைக் கதவு வழியாகப் பயிற்சிக்கும் போய் வந்தேன். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. அந்த மூன்று நாள் தனியாகச் சாப்பிடுவதால் தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தேன் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

கால் வலிக்கு முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். அதில் ஒன்றுமில்லை. ‘பீரியட்ஸ் எல்லாம் ஒழுங்கா வருதா?’ என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“கரெக்டா இருபத்தெட்டு நாள், டாக்டர். எங்காத்துல அது தெரியாம இருக்காது.”

அவர் எழுதிக்கொண்டார். நான் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பின் மேலுறை வீக்கம் (எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் அதிக ஓட்டத்தால் வீங்குவது) என்றார். மூன்று வாரம் ஓய்வு. எனக்கு அவர் மேல் சந்தேகம். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் இதையேதான் சொல்வார் என்று தோன்றியது. நான் பொய்யான விவரத்தைக் கொடுத்துவிட்டு அவர் கண்டுபிடித்ததைச் சந்தேகப்பட்டேன். ஆறாம் நாள் மட்டையை எடுத்தேன்.

அடுத்த மாதப் போட்டியில், இரண்டாவது செட்டில், வலது ஓரத்துக்குப் போன பந்தை எட்டி அடித்துவிட்டுத் திரும்பும்போது இடது கால் என்னைத் தாங்கவில்லை. சத்தமெல்லாம் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஆடியவள் நடுவரிடம் போய், மூச்சு வாங்க நேரம் திருடுகிறாள் என்று புகார் சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்புக்குள் பார்க்கும் படம்) எடுக்க ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் காத்திருந்தோம். அம்மா சீட்டு வாங்கப் போயிருந்தாள். பக்கத்து நாற்காலியில் என் வயதுப் பெண் ஒருத்தி, வலது பாதத்தில் கட்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. முத்துச்செல்வி என்று போட்டிருந்தது. விளாத்திகுளம் பக்கமாம். வல்லம் வடகாலில் ஹாஸ்டல். லைனில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை.

“சூப்பர்வைசர் நம்பவே மாட்டேங்காருக்கா. லீவுக்கு நடிக்கேன்னு சொல்லுதாரு. அதான் படம் எடுத்துக் காட்டிருவோம்னு வந்தேன்” என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “உள்ள டாக்டரம்மா மாசா மாசம் வருதான்னு கேட்டாவ. அஞ்சு மாசமா வரலன்னேன். காலுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்? நானே, வராம இருந்தா நல்லதுதான்னு கெடந்தேன். லைன்ல பாத்ரூம் போவ டோக்கன் வாங்கணும்லா.”

என்னிடம் ஏன் இதைச் சொல்கிறாள் என்று முதலில் சந்தேகம் வந்தது. யாராவது சொல்லி அனுப்பினார்களோ என்றுகூட. அப்படி யாரும் இல்லை. வேறு வேலை, வேறு ஊர், வேறு சாப்பாடு. அவளும் அதை ‘நல்லது’ என்றாள். நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை.

அந்த டாக்டரம்மா விளையாட்டு மருத்துவம் படித்தவர். அதிகம் சிரிக்காதவர். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். அழுத்த முறிவு (ஒரே இடம் திரும்பத் திரும்ப அடி வாங்கி, ஆறுவதற்கு நேரம் கிடைக்காமல் எலும்பில் விழும் நுண்ணிய விரிசல்). “மாதவிலக்கு எப்படி?” என்றார். அம்மா ஆரம்பித்தாள்.

“கரெக்டா இருபத்தெட்டு...”

“இல்ல டாக்டர்,” என்றேன். “பத்து... இல்ல, பதினோரு மாசமா வரல.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “என்னடி உளர்றே? போன வாரந்தானே மூணு நாள் உட்கார்ந்தே?”

“சும்மா உட்கார்ந்தேம்மா.”

டாக்டருக்கு ‘உட்கார்ந்தே’ புரியவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கிச் சொல்லும்போது என் காது சுட்டது. அவர் திட்டவில்லை. முதலில் கர்ப்பப் பரிசோதனை எழுதினார். மற்றதைத் தேடும் முன் அதை விலக்கிவிட வேண்டும், எல்லோருக்கும் செய்வதுதான் என்றார்.

நடைபாதையில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “யாருடி அது?”

“யாரும் இல்லம்மா.”

“பதினோரு மாசம் என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னவள், இதுல மட்டும் நிஜம் சொல்லுவியா?”

பரிசோதனை முடிவு வந்தது; இல்லை என்று இருந்தது. அம்மா அந்தத் தாளை நம்பினாள், என்னை அல்ல. ஆட்டோவில் ஏறிய பிறகு அழுதாள். “இல்லாததுக்கு உன்னைத் தள்ளி வெச்சேனே. தட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டேனே. அதுலயும் நீ சாப்பிடல.” ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “இன்னாம்மா, ஆஸ்பத்திரில ஏதாச்சும் பெரிசா சொல்ட்டாங்களா?” என்றார்.

நோய்க்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. எளிதாகச் சொன்னால், ஓடும் உடம்புக்குப் போதுமான தீனி இல்லை. குறைந்ததை வைத்துக்கொண்டு உடம்பு சிக்கனம் பார்க்கிறது. முதலில் மாதவிலக்கை நிறுத்துகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜன் (பெண் உடம்பில் எலும்பையும் காக்கும் சுரப்பு) குறைகிறது. டெக்ஸா (எலும்பின் அடர்த்தியை அளக்கும் படம்) எடுத்தபோது என் முதுகெலும்பு என் வயதுக்கு இருக்க வேண்டிய கெட்டியில் இல்லை. இருபத்தொரு வயது. எலும்பைச் சேர்த்து வைக்க வேண்டிய வயதில் நான் அதைத் தின்றுகொண்டிருந்தேன்.

அப்பா அன்று மாலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. ஒரகடத்தில் அவருக்குத் தொழிலே சந்தேகப்படுவது.

“எங்க கம்பெனில ஒரு பீஸ் தப்பா வந்தா அந்த பீஸை மட்டும் தூக்கிப் போட மாட்டோம்,” என்றார். “அந்த லாட் பூராவுக்கும் சிவப்பு அட்டை மாட்டி ஹோல்டுல வெச்சுடுவோம். ஒண்ணொண்ணா மறுபடி அளந்தப்பறம்தான் வெளியே விடுவோம். நீ சொன்னது எல்லாம் இப்ப ஹோல்டு.”

வேடிக்கைக்குச் சொன்னார் என்று நினைத்தேன். இல்லை. சாப்பிட்டேன் என்றால் தட்டைப் பார்த்தார்கள். தூங்கினேன் என்றால் போர்வையைப் பார்த்தார்கள். வாரம் ஒரு முறை எடை பார்க்கும்போது அப்பா என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார், உள்ளே ஏதாவது வைத்திருக்கிறேனா என்று. எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் சட்னிக் கிண்ணத்தை விட்டெறிந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது வாரம் சட்டைப் பையில் இரண்டு பேட்டரி வைக்கலாமா என்று நான் யோசித்திருந்தேன்.

ஏழு வாரம் இடது காலில் பூட்ஸ் போன்ற தாங்கி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பாடு: சுண்டல், பால், தயிர்சாதம், வேர்க்கடலை. பசித்தால் சாப்பிடுவதல்ல, மணி பார்த்துச் சாப்பிடுவது. முதல் மாதம் ஒவ்வொரு வாயும் ஒரு புள்ளியைத் தோற்பது போல இருந்தது. கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் தடைப் பட்டியலில் மூன்று முறை தேடிவிட்டுத்தான் விழுங்கினேன். தாங்கி கழன்ற பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி பந்து தட்டினேன். அம்மா காலையில் முறிந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள், வெந்துவிட்டதா என்று சோற்றுப் பருக்கையைப் பார்ப்பது போல.

“மாத்திரை கொடுத்து வரவழைக்க முடியாதா?” என்று டாக்டரைக் கேட்டேன்.

“வரவழைக்கலாம். ஆனா அது மாத்திரைக்கு வர்றது. உன் உடம்பு தேறிடுச்சுன்னு அர்த்தம் ஆகாது,” என்றார். “தானா வரணும். வந்து ஒழுங்கா தொடரணும். அதுவரைக்கும் போட்டி வேண்டாம். ரத்தப் பரிசோதனை பாதி சொல்லும். மீதியை நீதான் சொல்லணும்.”

என் டென்னிஸ் முழுவதும் என் வாயில் வந்து நின்றது. அந்த வாயைத்தான் வீட்டில் யாரும் நம்பவில்லை.

ஐந்தாவது மாதம் விரிசல் மூடிவிட்டது. எடை ஏறியது. மற்றது வரவில்லை. சென்னையில் ஒரு போட்டி அறிவித்தார்கள். என்னிடம் மிச்சமிருந்த கடைசிப் புள்ளிகள் அந்த மாதம்தான் உதிர இருந்தன. அதில் ஆடி ஒரு சுற்று ஜெயித்தால் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கலாம். பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சுகுமார் சார் வீட்டுக்கே வந்தார். அம்மா காபி கொண்டுவர உள்ளே போன நேரம் பார்த்து, “டாக்டராண்ட வந்துச்சுன்னு சொல்லும்மா. அவங்க இன்னா, வந்து பாக்கவா போறாங்க? ஒரே ஒரு மேட்ச். அப்பால ரெஸ்ட் எடுத்துக்கினு இரு” என்றார். கெட்ட மனிதர் இல்லை. பத்து வருடம் எனக்குப் பந்து போட்டவர். என் எண் போனால் அவருக்கும் ஏதோ ஒன்று போகிறது. அந்த இரண்டு நாளும் அவர் சொன்ன வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். எந்தத் தேதி சொல்வது, எத்தனை நாள் இருந்தது என்று சொல்வது, எல்லாம் தயார். அதில் எனக்குப் பழக்கம் வேறு.

டாக்டர் பேனாவைத் திறந்தார். “வந்ததா?”

அம்மா பக்கத்தில் இருந்தாள். இந்த முறை அவள் வாய் திறக்கவில்லை. புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னாலும் அவளால் சரிபார்க்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது சந்தேகம். இருந்தது பயம். பொய் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

“வரல, டாக்டர்.”

அவர் எழுதினார். அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலில் என் பெயர் இல்லை. பல் துலக்கும் முன் பார்த்தேன், கீழ்வரை இழுத்துப் பார்த்தேன். அன்று முழுக்க அழுதேன். வீரமாக எதையும் எழுத விருப்பமில்லை. மூன்று வருடம் சேர்த்தது, இல்லாமல் போனது. உண்மை சொன்னதால் நெஞ்சு லேசானது என்றெல்லாம் இல்லை. சார் ஒரு மாதம் போனை எடுக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு வாரம் என்பதே கலைந்துபோனது. பார்ப்பதற்குப் பட்டியல் இல்லை, எண்ணுவதற்கு இருபத்தெட்டு இல்லை. வடக்குப்பட்டு வரை மெதுவாக நடந்துவிட்டுத் திரும்புவேன். பசிக்கும். நிஜமாகவே பசிக்கும், மணி பார்க்காமல். இத்தனை வருடம் நான் உடம்பை ஓட்டிக்கொண்டு போனேன். இப்போது அது எப்போது என்ன சொல்லும் என்று வாசலில் நிற்கும் ஆளாகிவிட்டேன். அது பேசினால் நம்புவேனா என்பதும் தெரியவில்லை. தேவையில்லாமல் தொடை வலித்தால்கூட, என்ன திட்டம் வைத்திருக்கிறாய் என்று கேட்பேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், இரண்டரை மணி இருக்கும். வயிற்றில் ஒரு பழைய இழுப்பு. குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை உடனே நம்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

கூடத்துக்கு வந்தேன். அம்மா சுண்டல் கிண்ணத்தோடு என்னைத் தேடி வந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, நான் தூரம்.”

அவள் நின்றுவிட்டாள். இதே வாக்கியத்தை, இதே இடத்தில், இதே முகத்தோடு எத்தனை மாதம் கேட்டிருக்கிறாள்! என் கண்ணைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து நான் கையை எடுத்துவிட்டேன்.

“நிஜமாவாடி?”

“நிஜமா.”

பொய் என்று நினைத்திருந்தால் கிட்டே வந்திருப்பாள். என் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பாள், மோவாயைத் தூக்கிப் பார்த்திருப்பாள். இந்த ஆறு மாதமும் அப்படித்தான். கை அதற்காக நீண்டது. பாதியில் நின்றது. வாசல் பக்கத்தில் மாலைக்கான பூக்கூடை இருந்தது. அதை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு குனிந்து, கிண்ணத்தைத் தரையில் வைத்து, என் பக்கம் தள்ளினாள். அவள் கண் நிறைந்திருந்தது. என்னைத் தொடாமல், இரண்டடி பின்னால் போய் நின்றாள்.